பழவேற்காடு ஒருநாள் டூர்: பணம் கட்டும் முன் இதைப் படிங்க

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் விளம்பரம் இது: "கடற்கரைக் கோட்டை, பூநாரை, படகுச் சவாரி, தலைக்கு 1,450 ரூபாய்." நம்பிப் பணம் கட்டிய 14 பேரும் ஏமாந்தோம். இனி யாரும் ஏமாறக்கூடாது.

பொய் படத்திலேயே இருக்கு. கடலைப் பார்த்து நிற்கும் அந்த வெளிர்நிறக் கோட்டை, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய டான்ஸ்போர்க். பழவேற்காட்டில் இருப்பது டச்சுக்காரர்களின் கெல்டிரியா, 1613-இல் கட்டியது. அங்கே இன்று முழுசாக நிற்கும் கட்டடமே கிடையாது. முள்புதர் மூடிய மேடுதான். நம்ம வேலூர்க் கோட்டை மாதிரி அகழியும் மதிலும் எதிர்பார்த்துப் போகாதீங்க. பார்க்க வேண்டியது டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும், உள்ளே கல்லறைப் பலகைகளில் எழுத்தும் சின்னமும் அவ்வளவு நுணுக்கம். எங்கள் வண்டி அங்கே நிற்கவே இல்லை.

அடுத்தது படகு. 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. இது தெரிந்தே டூர்காரர் கரையில் தலைக்கு 300 ரூபாய் தனியாக வாங்கினார். ரசீது இல்லை. மீன்பிடிப் படகு, உயிர்காப்பு உடை ஒன்றுகூட இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் ஏறாதீங்க, குழந்தைகள் இருந்தால் கட்டாயம் ஏறாதீங்க.

பூநாரை என்று காட்டியது வெள்ளைக் கொக்கு. பூநாரைக்கு அலகு நடுவில் கீழ்நோக்கி மடங்கியிருக்கும், தலையைக் கவிழ்த்து நீரை அலசித் தின்னும், பறக்கும்போது இறக்கையில் சிவப்பும் கறுப்பும் தெரியும். குஞ்சாக இருந்தால் சாம்பல் நிறம். வரத்து பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. கூட்டமாகப் பார்க்கணும்னா சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலைதான் சரியான இடம், சாலையின் இருபுறமும் ஆழமில்லாத நீர். காலையிலேயே போய்ச் சேரணும். வெயில் ஏறினால் கானல் அலையில் தூரத்துப் பறவை வெறும் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும். காலை 6 மணிக்கு வேலூரில் கிளம்பும் வண்டி அந்த நேரத்தை எட்டவே எட்டாது. முதல்நாள் இரவே சென்னையில் தங்கிட்டு, சென்ட்ரலிலிருந்து முதல் புறநகர் ரயிலில் சூளூர்பேட்டை போங்க. பழவேற்காடு மட்டும்னா பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கு.

ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் விளம்பரப் படத்தையும் யுபிஐ பரிவர்த்தனை எண்ணையும் அழிக்காம வைங்க. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. படகுக்குக் கொடுத்த 300 ரூபாய் கைக்காசு என்பதால் அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. நீங்க கரையில் பணமாகக் கொடுக்காதீங்க.