தடுப்பூசி இழப்பீடு வாங்கித் தருகிறோம் என்று சொல்லி 3,600 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள், யாரும் போய் மாட்டாதீர்கள்

எங்கள் வீட்டுக் காசு 3,600 வெள்ளி போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அந்த ஆள் இன்றைக்கும் அதே மாடியில் உட்கார்ந்து இன்னொரு குடும்பத்திடம் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்பான்.

பெயர் போடவில்லை. சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டின் மாடி, கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) ஆலோசனை என்று பலகை. வேலையிட விபத்து, சாலை விபத்து, தடுப்பூசிப் பாதிப்பு எல்லாம் 'முடித்துத் தருவார்களாம்'. வழக்கறிஞர் அலுவலகம் கிடையாது. ஆனால் படியேறி உள்ளே போகிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும், தெரிய வேண்டும் என்றேதான் அமைத்திருக்கிறார்கள்.

தம்பிக்கு கொவிட்-19 எம்ஆர்என்ஏ தடுப்பூசி இரண்டாவது முறை போட்டதும் சில நாளில் நெஞ்சுவலி. இதயத் தசை அழற்சி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். சாதாரண வார்டுதான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கோ உயர் கண்காணிப்புப் பிரிவுக்கோ போகவில்லை. குணமாகி வேலைக்கும் போகிறான். தடுப்பூசி மேல் எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை, மருத்துவமனையில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். 'சாதாரண வார்டு' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். மொத்த ஏமாற்று வேலையும் அதில்தான் இருக்கிறது.

கொவிட்-19 தடுப்பூசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சுகாதார அமைச்சு 2021 மார்ச் மாதம் ஒரு நிதியுதவித் திட்டம் அறிவித்தது. விஃபாப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால அனுமதி அட்டை வைத்திருப்பவர்கள், இங்கே தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். உயிரிழப்பு அல்லது நிரந்தரமான கடும் உடற்குறை என்றால் ஒருமுறைத் தொகையாக 225,000 வெள்ளி. தீவிர சிகிச்சையோ உயர் கண்காணிப்போ தேவைப்பட்டுப் பிறகு குணமானவர்களுக்கு 10,000 வெள்ளி. அந்தப் பிரிவுகளுக்குப் போகாமல், கடுமையான பக்கவிளைவுக்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுக் குணமானவர்களுக்கு 2,000 வெள்ளி வரை. காய்ச்சல், கைவலி, அசதி இதற்கெல்லாம் கிடையாது.

யாருக்கு எந்தப் படிநிலை என்பதை அமைச்சு நியமித்த சுயேச்சையான மருத்துவக் குழு முடிவு செய்கிறது. ஊசி போட்ட தேதி, அறிகுறி தொடங்கிய தேதி, வேறு காரணம் இருக்க முடியுமா, பரிசோதனை முடிவுகள் என்ன சொல்கின்றன, இவைதான் அவர்களுக்கு வேண்டியவை. இதில் பேரம் பேச எதிர்த்தரப்பு என்று ஒருவர் இல்லை. 2,000 வெள்ளியை 10,000 வெள்ளியாக உயர்த்தும் பேச்சுவார்த்தை என்று எதுவும் கிடையாது. தம்பி எந்த வார்டில் படுத்திருந்தான் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே (மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தரும் சுருக்க அறிக்கை) அச்சாகியிருக்கிறது.

அப்பா அங்கே போனபோது அந்தத் தாளைத்தான் அந்த ஆலோசனைக்காரன் முதல் நாளே கையில் வாங்கினான். வாங்கி என்ன செய்தான் தெரியுமா? அப்பாவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினான். டிரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) என்றால் என்ன, ஈசிஜியில் எங்கே மாற்றம், எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் எவ்வளவு நன்றாகத் துடிக்கிறது, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னான். மருத்துவமனையில் யாரும் அப்பாவுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கித் தமிழில் சொன்னதில்லை. படித்து முடித்ததும் ஐந்து நிறத்தில் பிரிப்பு அட்டை வைத்த ஒரு கோப்பை எடுத்துத் தம்பி பெயரை அச்சடித்து ஒட்டினான். "ஐயா, இனிமே இது என் கவலை. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றான். அப்பா நம்பியது அந்த நேரத்தில்தான். வார்டு பெயர் இருந்த வரியையும் அவன் படித்தான், தாண்டிப் போனான்.

பிறகு ஒரு செய்தித்தாள் நறுக்கைக் காட்டியிருக்கிறான். 2021இல் முதல் ஊசி போட்டு ஆறு நாளில், பளு தூக்கிய பிறகு இதயத்துடிப்பு நின்றுபோன 16 வயதுப் பையனுக்கு 225,000 வெள்ளி கொடுத்த செய்தி. அது உண்மைச் செய்திதான். ஆனால் அந்தப் பையன் உயிருக்குப் போராடியவன். அந்தக் குடும்பத்தின் துயரத்தைத் தன் கடைக்கு விளம்பரத் தாளாக வைத்திருக்கிறான். "அதே வியாதி ஐயா, அதே ஊசி. 10,000 கைமேல. நல்லா அழுத்தினா மேலயும் போகும்" என்று சொல்லியிருக்கிறான்.

காசு மூன்று தவணையாகப் போனது. கோப்பு திறக்க 800 வெள்ளி. நிபுணர் மருத்துவ அறிக்கைக்கு 1,200 வெள்ளி. 'செட்டில்மென்ட் வைப்புத்தொகை' 1,600 வெள்ளி. மொத்தம் 3,600 வெள்ளி. இது போக, கிடைக்கும் இழப்பீட்டுத் தொகையில் 30 விழுக்காடு அவனுக்கு என்று கையெழுத்து. எல்லாம் பேநவ் என்ற வங்கிப் பணமாற்றில், தனிப்பட்ட கைப்பேசி எண்ணுக்கு. ரசீதில் நிறுவனப் பதிவு எண்ணே இல்லை, 'நிர்வாகக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது.

இன்னொன்று சொன்னான் பாருங்கள், அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. "டாக்டர்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதீங்க. அவங்க அரசாங்கத்துப் பக்கம்தான் எழுதுவாங்க." சிகிச்சை கொடுத்த மருத்துவரின் மதிப்பீடு இல்லாமல் இந்த விண்ணப்பம் ஓர் அங்குலம் நகராது. அந்த மருத்துவரிடமே போகவிடாமல் தடுத்துவிட்டான். போயிருந்தால் முதல் நாளே குட்டு உடைந்திருக்கும் அல்லவா?

அதன்பிறகு சாக்குகள்தான். "பேனல் பாத்துக்கிட்டு இருக்கு." "ஆபீசர் லீவுல இருக்காரு." "நடுவுல நீங்க அமைச்சுக்குப் போன் பண்ணா கேஸ் கெட்டுப்போயிடும்." அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் படித்த அடையாளம் வரும், பதில் வராது. நேரில் போனால் கீழே காப்பிக் கடையில் உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பிவிடுவான். 3,600 வெள்ளி வாங்கியவன் வாங்கிக் கொடுத்தது ஒரு தேநீர்.

கடைசியில் மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவில் கேட்டோம். நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் யாருக்கும் அறிக்கை தர மாட்டார்கள். தம்பி பெயரில் அப்படியொரு படிவம் வரவே இல்லை, அறிக்கை கேட்டு யாரும் பணம் கட்டவும் இல்லை. 1,200 வெள்ளி எதற்குப் போனது? விண்ணப்பமும் போகவில்லை. அவன் எங்களிடம் காட்டிய 'பதிவு எண்', சுகாதார அறிவியல் ஆணையத்துக்குப் பக்கவிளைவு பற்றி மருத்துவர்கள் அனுப்பும் அறிக்கையைச் சேர்ந்ததாம். அந்த அறிக்கை மருந்துப் பாதுகாப்பைக் கண்காணிக்க. அதை அனுப்புவதால் யாருக்கும் ஒரு காசு வராது. இரண்டும் ஒன்று என்று நம்ப வைப்பது இவர்கள் தொழிலில் ஒரு பகுதி, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே கேட்கத் தொடங்கியதும் ஒரு 'தீர்வு ஒப்பந்தம்' நீட்டினான். நான்கு பக்கம். 'முழுமையான, இறுதியான தீர்வு', அதற்குமேல் யார் மீதும் உரிமை கோர மாட்டோம், நடந்ததை வெளியே சொல்ல மாட்டோம். எதிர்த்தரப்பு கையெழுத்திடும் இடம் வெற்றுக்கோடு. பெயரும் இல்லை, தொகையும் இல்லை. யாரோடு செய்துகொள்ளும் தீர்வு அது? வெளியே சொல்லக் கூடாது என்ற விதி காப்பாற்றப் போவது அவனை மட்டும்தான். தம்பி கையெழுத்துப் போடவில்லை, அது மட்டும்தான் மிச்சம்.

உண்மையான வழக்குத் தீர்வு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் இந்தக் காகிதத்தின் லட்சணம் புரியும். எதிர்த்தரப்பு யாரென்று பெயரோடு இருக்கும். தொகை எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். எத்தனை நாளில் பணம் வரும், வழக்குச் செலவு யார் தலையில், எந்தக் கோரிக்கை மட்டும் முடிகிறது என்பதெல்லாம் இருக்கும். பணம் வழக்கறிஞர் நிறுவனம் கட்சிக்காரர் பணத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் கணக்குக்குப் போய், விவரமான பில்லோடு உங்களிடம் வரும். தொகை எழுதாத தீர்வில் கையெழுத்துப் போட்டால், விட்டுக்கொடுத்தது மட்டும்தான் உங்கள் பக்கம் நிற்கும்.

அந்த 30 விழுக்காடு பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் காய வழக்குக்கு வழக்கறிஞரே வெற்றித் தொகையில் பங்கு கேட்கக் கூடாது. 2022இல் நிபந்தனைக் கட்டணத்தை (வழக்கின் முடிவைப் பொறுத்து வாங்கும் கட்டணம்) அனுமதித்தார்கள், அது நடுவர் தீர்ப்பு, அனைத்துலக வணிக நீதிமன்றம் போன்ற சில நடவடிக்கைகளுக்குத்தான். அதிலும் கிடைக்கும் தொகையில் விழுக்காடு கேட்க முடியாது. வழக்கறிஞர் அல்லாதவர் நிலைமை இன்னும் மோசம். வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, தகுதியில்லாத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு, உடற்காயம் அல்லது மரணம் தொடர்பான கோரிக்கைக்குப் பேச்சுவார்த்தை நடத்துவதோ தீர்த்து வைப்பதோ குற்றம். அப்படிக் கொடுத்த காசைத் திரும்பக் கேட்க 36ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. இதை அவனிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும்தான் முதல் தடவையாக உடனே பதில் வந்தது: "நாங்க ஆலோசனை மட்டும்தான் குடுத்தோம்." ஆலோசனைக்கு எதற்கடா 1,600 வெள்ளி வைப்புத்தொகை?

இழுத்தடிப்பு வெறும் எரிச்சலோடு முடிவதில்லை. அலட்சியத்தால் உடற்காயம் என்று நீதிமன்றம் போக நினைப்பவர்களுக்கு, காயம் ஏற்பட்ட நாளிலிருந்தோ அது தெரியவந்த நாளிலிருந்தோ பொதுவாக மூன்றாண்டுக் கெடு. 'பேனல் பார்க்கிறது' என்று ஒருவன் உட்கார வைத்திருக்கும்போது அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. நீதிமன்றத்தில் யாருடைய தவறு, அந்தத் தவறால்தான் இந்தக் காயமா என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். அமைச்சின் உதவித் திட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே வராது, ஊசிக்கும் பாதிப்புக்கும் மருத்துவத் தொடர்பு இருக்கிறதா என்பதுதான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறவர் உங்களைக் குழப்பத்தான் பேசுகிறார்.

உண்மையில் செய்ய வேண்டியது சின்ன வேலை. சிகிச்சை அளித்த மருத்துவரிடம் நேராகப் போய், நிதியுதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க விரும்புகிறோம், இப்போதும் முடியுமா என்று கேளுங்கள். ஊசி போட்ட பதிவு, டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ, எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அதன் அறிக்கை, எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். வலி எந்த நாள் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் பிறகு எல்லோருக்கும் நாள் குழம்பிவிடும். ஆங்கிலம் வராத பெற்றோர் என்றால் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். அப்பாவுக்கு அந்த உதவி யாராவது சொல்லியிருந்தால் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டார்.

எச்சரிக்கை நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். விழுக்காடு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தனிப்பட்ட எண்ணுக்கு பேநவ் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். டாக்டரிடம் சொல்லாதே என்பவனிடம் ஒரு தாளும் கொடுக்காதீர்கள். ஒருவர் வழக்கறிஞரா என்பதைச் சட்ட அமைச்சின் இணையத் தேடலில் பெயர் போட்டுப் பார்க்கலாம். தொகை இல்லாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், ரசீதையும் பேநவ் பதிவையும் படமெடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் கொடுங்கள். சேவை தராத பணத்துக்கு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டாண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. எங்கள் 3,600 வெள்ளிக்குப் புகார் கொடுத்தாயிற்று. அந்த மாடிக்குப் போன வேறு குடும்பங்களும் தனித்தனியாகக் கொடுங்கள், அவன் பெயரில் எத்தனை புகார் சேருகிறதோ அவ்வளவு நல்லது.