டபிள் எக்ஸ்போஷரில் உருவப்படம்: வன்னியில் 5டி மார்க் 3உடன்

கெனன் 5டி மார்க் 3 கமரா 2012இல் வந்தது. நான் வாங்கியது அது பழசாகி விலை இறங்கிய பிறகு, இன்னொருவர் பாவித்ததை. கலியாணவீடும் சாமத்தியவீடும் எடுக்கத்தான் வாங்கினேன். பின்பக்கத் திரைக்கு இடப்புறம் தூரிகைப் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. அதை அமத்தினால் பிக்சர் ஸ்டைல், மல்டிபிள் எக்ஸ்போஷர், எச்.டி.ஆர். மூன்றும் வரும். மல்டிபிள் எக்ஸ்போஷர் என்றால் ஒரு படத்தின் மேல் இன்னொன்றை எடுத்துக் கமராவுக்குள்ளேயே ஒன்றாக்குவது. இரண்டு படம் சேர்ந்தால் அதுதான் டபிள் எக்ஸ்போஷர். நடுவில் இருப்பதற்காக அமத்தி அமத்தியே அந்தப் பொத்தானின் படம் இப்போது பாதி தேய்ந்துவிட்டது.

இதைக் கமராவில் செய்வதா கணினியில் செய்வதா என்றால், முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். துல்லியம்தான் வேண்டும் என்றால் கணினியில் செய்யுங்கள். போட்டோஷொப்பில் ஒரு இலையைக் கூட அரை அங்குலம் தள்ளி வைக்கலாம், வேண்டாத கொப்பை அழிக்கலாம், பத்துத் தரம் மாற்றிப் பார்க்கலாம். கமராவுக்குள் அது ஒன்றும் நடக்காது. ஆனால் கமராவுக்குள் செய்யும்போது படத்தில் இருக்கிற ஆள் பக்கத்தில் நின்று திரையைப் பார்க்கிறார். "இந்த மரம் வேண்டாம், அங்கால நிக்கிறதை எடுங்கோ" என்கிறார். வீட்டுக்குப் போய் இரவில் தனியாக இருந்து நான் தேர்ந்தெடுக்கும் மரமும் அவர் கைகாட்டும் மரமும் ஒன்றாக இருப்பதில்லை. வன்னிச் சனத்தைப் படம் எடுப்பவனுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வேலை செய்யும் விதம் எளிது. ஒளி கூடும், குறையாது. முதல் படத்தில் வெள்ளையாகிவிட்ட இடம் நிரம்பிவிட்டது, அதற்குமேல் அங்கே எதுவும் பதியாது. கறுப்பாக இருக்கிற இடம் வெறுமையாக இருக்கிறது, இரண்டாவது படம் அங்கேதான் போய் இருக்கும். ஆகவே முதல் படத்தில் எங்கே இருட்டை விடுகிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலையும். வானத்தை வெள்ளையாக வெளுக்க விட்டு, அதன் முன்னால் ஆளை இருட்டாக எடுத்தால், அடுத்து எடுக்கும் பனையோலை அவருடைய தலைக்குள்ளும் தோளுக்குள்ளும் மட்டும் வந்து நிற்கும், வெளியே சிந்தாது. இணையத்தில் நாம் பார்க்கும் டபிள் எக்ஸ்போஷர் படங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வித்தையில் செய்தவை.

இந்தக் கமரா இரண்டிலிருந்து ஒன்பது படம் வரை சேர்க்கும். எனக்கு இரண்டு போதும். மூன்றாவதும் சேர்ந்தால் ஒடியல் கூழ்தான், எது நண்டு எது பலாக்கொட்டை என்று தெரியாது. சேர்க்கும் முறை நான்கு: அடிட்டிவ், அவரேஜ், பிரைட், டார்க். அடிட்டிவ்வில் ஒளியை அப்படியே கூட்டும். அதனால் இரண்டு படத்துக்கு ஒரு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் ஒளி பாதியாகும்), மூன்றுக்கு ஒன்றரை, நான்குக்கு இரண்டு ஸ்டொப் குறைத்து எடுக்கச் சொல்கிறது கையேடு. அவரேஜில் அந்தக் கணக்கைக் கமராவே பார்த்துக்கொள்ளும். பிரைட்டும் டார்க்கும் இரண்டு படத்தையும் இடத்துக்கு இடம் ஒப்பிட்டு, பிரைட் வெளிச்சமான பக்கத்தையும் டார்க் இருண்ட பக்கத்தையும் வைத்துக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாரும் அவரேஜில்தான் போய் நிற்பார்கள், கணக்கு இல்லை என்பதால். எடுத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆளும் மரமும் சரிபாதி கரைந்து, மங்கலாக, கனவு மாதிரி. ஆனால் இங்கே அந்தப் படத்தை ஒருவருக்குக் காட்டிப் பாருங்கள். எங்கள் ஊர்ச் சந்தியில் கட்டும் கண்ணீர் அஞ்சலிப் பனர்களில் செத்தவரின் முகத்தை எப்படிப் போடுகிறார்கள்? வானம், முகில், ஒரு குத்துவிளக்கு, அதற்குள் கரைந்துபோகிற முகம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அம்மா நான் மாதிரிக்கு வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மனுசன் உயிரோட இருக்கேக்க ஏன் அஞ்சலிப் படம் மாதிரி எடுத்திருக்கிறியள்?" கலை என்று சொல்லி அவருக்கு விளக்கம் கொடுக்கலாம்தான். ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்களுடைய கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. ஒருவருடைய முகம் ஊடுதெரிந்தால் அவர் இல்லை என்றுதான் இங்கே பொருள்.

அதற்குப் பிறகு நான் செய்து வருவதெல்லாம் இந்த ஒரு பிரச்சினைக்குத்தான். ஆள் கரையக்கூடாது. கண்ணும் வாயும் கல்லுப்போல நிற்கவேண்டும், மற்ற இடத்தில் மரம் எப்படியும் போகட்டும்.

வழி அடிட்டிவ்வில்தான் இருக்கிறது. முகத்தை முழு இருட்டாக எடுப்பதில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் வெளிச்சம் விழ விடுகிறேன், ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தாலே போதும். தலைமயிர், கழுத்துக்குக் கீழ், சட்டை எல்லாம் இருட்டு. பிறகு இரண்டாவது படத்தை எடுக்கும்போது, அந்தப் படத்தின் இருண்ட பகுதி முகத்தின் மேல் வருமாறு பிடிக்கிறேன். அடிமரம், அடர்ந்த நிழல், வைரவர் கோயில் ஆலமரத்தின் உட்பக்கம், இப்படி ஏதாவது. இருட்டுக்கு ஒளி கிடையாது. அதனால் அது முகத்தில் எதையும் கூட்டாது, முகம் எடுத்தபடியே நிற்கும். இலைகளுக்கு இடையில் தெரியும் வானம் மட்டும் தலைமயிருக்குள்ளும் தோளுக்குள்ளும் போய்ச் சேரும். முதல் படத்துக்கு நான் ஸ்டொப் குறைப்பதில்லை, வானம் வெளுக்கவேண்டும் என்பதால். இரண்டாவதுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை குறைக்கிறேன். கையேடு சொல்வது வேறு, ஆனால் கையேடு வெள்ளை வானத்தை நினைத்து எழுதியதல்ல.

வெள்ளை வானத்துக்கு வன்னியைப்போல இடம் இல்லை. மரமும் கூரையும் குறுக்கே வராத பின்னணி வேண்டுமென்றால் குளக்கட்டுக்குப் போங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், எதுவானாலும் சரி. ஆளைக் கட்டின்மேல் நிறுத்திவிட்டு நாம் சரிவில் இறங்கி நின்றால் அவருக்குப் பின்னால் வானம் மட்டும்தான். கீழிருந்து எடுப்பதால் நேர்முகம் நன்றாக வராது, நாடிக்கு அடிப்பக்கமும் மூக்குத்துவாரமும் தெரியும். பக்கவாட்டு முகம் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ் மழைக்கு மூட்டம் போட்டிருக்கும்போது வானம் முழுக்க ஒரே வெள்ளை, எந்த ஸ்ரூடியோ லைட்டும் கிட்ட வராது. கோடையில் காலை ஏழரைக்குப் பிறகு நான் மினக்கெடுவதில்லை. நீல வானம் வெளுக்காது, நீலமாகவே படத்துக்குள் வந்து நிற்கும். ஒன்று கவனம்: சில குளங்களுக்குப் பக்கத்தில் படையினரின் முகாம்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது படத்துக்கு என்னவெல்லாம் எடுத்துப் பார்த்தேன் என்றால் பட்டியல் நீளும். பனையோலை எப்போதும் கைகொடுக்கும், கோடு கோடாக இருப்பதால் தலைமயிருடன் சேர்ந்துபோகும். வயலில் தண்ணீர் கட்டி நிற்கும் நாட்களில் கமராவைத் தலைகீழாகப் பிடித்து நாற்றையும் அதன் நிழலையும் எடுத்தால் தோளிலிருந்து நாற்று தொங்கும், இது எனக்குப் பிடித்த ஒன்று. மருதமரப் பட்டை நன்றாக வரும். குளத்தரை வறண்டு வெடித்துக் கிடப்பதை வயதானவர் முகத்தில் சேர்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். எல்லாரும் செய்கிறார்கள் என்பது ஒரு காரணம். வெடித்த நிலத்தை முகத்தில் போடுவதற்கு எந்த ஐயாவும் தானாகக் கேட்டதில்லை என்பது மற்றது. கேட்டால் தன்னுடைய மாட்டைத்தான் கேட்பார்.

இந்தக் கமராவில் நான் அதிகம் பாவிப்பது, ஏற்கெனவே எடுத்து கார்டில் இருக்கும் ரோ படம் (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒன்றை முதல் படமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி. காலையில் குளக்கட்டில் முகத்தை எடுத்துவிட்டு, பின்னேரம் அவர் வீட்டு வளவில் இரண்டாவதை எடுக்கலாம். இடையில் லென்ஸ் மாற்றலாம், பற்றரி மாற்றலாம். இது இல்லாவிட்டால் கமராவை நிற்பாட்டிய உடனேயே அந்தத் தொடர் முடிந்துவிடும். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும்போது, முதல் படம் மெல்லிதாகத் திரையில் தெரியும், அதன்மேல் புதியதை நகர்த்தி நகர்த்திப் பொருத்தலாம். அந்த நேரத்தில்தான் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன். முதல் படம் முழு அளவு ரோவாக இருக்கவேண்டும், ஜேபெக்கோ சிறிய ரோவோ எடுபடாது. தனித்தனிப் படங்களையும் சேமிக்கும்படி மெனுவில் வைத்துவிடுங்கள், பொருந்தாவிட்டால் மூலப்படமாவது மிஞ்சும்.

2009இல் இடம்பெயர்ந்தபோது ஆல்பத்தைக் கைவிட்ட வீடுகள் இங்கே நிறைய. அடையாள அட்டையில் இருந்த முத்திரை அளவுப் படத்தைப் பெருப்பித்து சுவரில் மாட்டியிருப்பார்கள். அப்படியான வீடுகளில் டபிள் எக்ஸ்போஷர் என்றதும் கேட்பது ஒன்றுதான்: "இவரையும் என்னோட சேர்த்து எடுக்கலாமோ?" செத்தவர் என்றால், வீட்டாருக்குச் சம்மதம் என்றால், செய்கிறேன். பழைய படத்தை ரோவில் எடுத்து முதல் படமாக வைத்தால் சரி. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை என்றால் செய்வதில்லை. 2017இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தாய்மார் பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டு நிற்கிறவரின் தோளுக்குள் அந்தப் பிள்ளையைப் புகைபோலப் போட்டுக் கொடுத்தால், நான் அவருக்குப் பதில் சொன்னதாகிவிடும். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு தாய்க்கு நான் எடுத்துக் கொடுத்தது, மகனின் படத்தை அவர் கையில் பிடித்திருக்கும் படம். அதில் மகனின் படம் விழும் இடம் முழுவதையும் இரண்டாவது எக்ஸ்போஷரின் நிழலில் வைத்தேன், ஒரு புள்ளி கூட அதன்மேல் ஏறவில்லை. முற்றத்து வேம்பு தாயின் சேலைக்குள் மட்டும் வந்தது. வேம்பு அவருடைய தெரிவு.

சேர்த்து எடுப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. பழைய ஸ்ரூடியோக் கலியாண ஆல்பங்களில் பொம்பிளையின் முகம் மேல் மூலையில் பெரிதாகவும் தம்பதி கீழே சிறிதாகவும் நிற்பதைப் பார்க்காதவர் உண்டா? அதற்கும் முன்னால், கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையில் மொன்டாஜ் (பல படங்களை ஒன்றாக்குவது), சோலரைசேஷன் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஓரளவு தலைகீழாக்குவது) எல்லாம் செய்து பார்த்துவிட்டார். அவருடைய படங்களில் உடம்பு கரைவதே இல்லை, எவ்வளவு விளையாடினாலும் தோலின் கனம் அப்படியே இருக்கும். எனக்கு உதாரணம் இணையத்தில் இல்லை, அங்கே இருக்கிறது.

இனிக் குறைகள். வெயிலில் திரை தெரியாது. ஒரு கறுப்புக் குடையைத் தம்பி யாராவது பிடிக்கவேண்டும். லைவ் வியூ நீண்ட நேரம் ஓடினால் கமரா சூடாகும், பற்றரி கண்முன்னால் இறங்கும், ஆகவே மேலதிக பற்றரி இல்லாமல் வெளிக்கிடாதீர்கள். இருட்டில் ஐ.எஸ்.ஓ.வை (ஒளிக்கான உணர்திறனை) கூட்டி எடுத்தால் இரண்டு படத்தின் குருணையும் (நொய்ஸ்) சேர்ந்து வரும். 400க்கு மேல் நான் போவதில்லை. கிரவல் வீதிப் புழுதி சென்சரில் இருந்தால் வெளுத்த வானத்தில் தெரியாது, அவரேஜில் எடுத்தால் காட்டிக்கொடுக்கும். பிக்சர் ஸ்டைல் முதல் படத்தில் வைத்ததுதான் அடுத்ததற்கும். கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் தொடங்கும்போதே வையுங்கள். வெள்ளைப் பின்னணிப் படங்களில் பாதிக்குமேல் நான் கறுப்பு வெள்ளைதான், பச்சை இலை தோலில் ஏறினால் வருத்தக்காரர் மாதிரி ஆகிவிடுகிறது.

எரிச்சல் தருவது பிரிண்ட். நான் கொடுத்த ஒரு இடத்தில் இயந்திரம் தானாக நிழலைத் திறந்து, கறுப்பாக விட்ட இடமெல்லாம் சாம்பலாகிக் கையில் வந்தது. கேட்டால் "முகம் இருட்டா இருந்தது அண்ணை, வெளிச்சமாக்கினோம்" என்றார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை, கோபிக்கவும் முடியவில்லை. இப்போது கொடுக்கும்போதே திருத்தம் எதுவும் போடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, ஒரு சிறிய பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியது போடச் சொல்கிறேன். மட் தாள் கேளுங்கள். பளபளப்புத் தாளில் கறுப்புக்குள் பார்ப்பவரின் முகம் தெரியும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கெனன் 6டியில் அடிட்டிவ்வும் அவரேஜும் மட்டும்தான், உருவப்படத்துக்கு அது போதும். பழைய நிக்கன் சிலவற்றில் அடுத்த படத்தை எடுக்காமல் 30 செக்கன் சும்மா இருந்தால் தொடர் முடிந்துவிடும், அதை மெனுவில் நீட்டலாமா என்று பாருங்கள். விலை குறைந்த கமராக்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. பாவித்த 5டி மார்க் 3 பார்க்கப் போனால் உங்களுடைய கார்டைக் கொண்டுபோங்கள். கடையிலேயே முழு அளவு ரோவில் ஒரு படம் எடுத்து, தூரிகைப் பொத்தானை அமத்தி, அந்தப் படத்தை முதல் படமாகத் தேர்ந்தெடுத்து, லைவ் வியூவில் மேலே தெரிகிறதா என்று பாருங்கள். என்னுடையதைப்போல அந்தப் பொத்தான் தேய்ந்திருந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம்.