பாதியில் நின்ற பத்தாம் வகுப்பு: தனித்தேர்வரா, என்.ஐ.ஓ.எஸ்-ஸா, ஐ.டி.ஐ-யா?

எங்கள் தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பள்ளி மாற்றுச் சான்றிதழ். மடிப்பு கிழிந்த இடத்திலெல்லாம் செல்லோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயிருந்தது. 2003-ல் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். இப்போது 36 வயது. "தம்பி, இதை வச்சு பத்தாவது எழுத முடியுமா? அங்கன்வாடி உதவியாளர் வேலைக்குப் பத்தாவது கேக்குறாங்களாம்."

முடியும். அதற்குத் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மூன்று வழி இருக்கிறது. மூன்றும் அரசு நடத்துபவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வாசலில் வேறு வேறு தகுதி கேட்கும். உள்ளே போன பிறகு வேறு வேறு விதமாக வேலை வாங்கும். வெளியே வரும்போது கையில் தரும் காகிதத்தின் மதிப்பும் இடத்துக்கு இடம் மாறும். "எதில் சேர முடியும்" என்று மட்டும் பார்த்துச் சேர்ந்து, பிறகு கண்ணீர் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அக்காவிடம் நான் முதலில் கேட்டது அவருடைய படிப்பைப் பற்றி அல்ல. "இந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் எங்கே நீட்டப் போறீங்க?" என்றுதான் கேட்டேன்.

முதல் வழி, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் அதே வினாத்தாள், அதே தேதி, அதே சான்றிதழ். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் போதும். குறைந்தபட்ச வயது என்று ஒன்று உண்டு, அது பதின்ம வயதிலேயே முடிந்துவிடும். உச்சவரம்பு கிடையாது, அறுபதிலும் எழுதலாம். அக்காவின் டி.சி-யில் ஒன்பதாம் வகுப்பு படித்ததாக இருப்பதால் எட்டாவது தேர்ச்சி தானாகவே உறுதியாகிறது. ஆறிலோ ஏழிலோ நின்றவர்களுக்கும் வழி அடைபடவில்லை. எட்டாம் வகுப்புக்கென்றே தனித்தேர்வர்களுக்கு ஈ.எஸ்.எல்.சி. என்று ஒரு பொதுத்தேர்வு இருக்கிறது. 12½ வயது நிறைந்திருந்தால் போதும், அதை எழுதித் தேறிவிட்டு இந்தப் பக்கம் வரலாம்.

கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய முள் இருக்கிறது: அறிவியல் செய்முறை. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். முதன்முறையாக எழுதும் தனித்தேர்வர், ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய்ச் செய்முறைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். அதில் 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள். பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் வருகிறது. செய்முறை வகுப்புக்குப் பெயர் பதிவதோ அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. டிசம்பரில் வந்து "அடுத்த மார்ச்சில் எழுதணும்" என்று கேட்பவர்களிடம் "ஒரு வருடம் போச்சு" என்று சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும். தேர்வு விண்ணப்பத்துக்குத் தேதி தவறினால் கூடுதல் பணம் கட்டித் தட்கலில் போடலாம். தவறிப்போன செய்முறை வகுப்பை எந்தத் தட்கலிலும் வாங்க முடியாது.

இன்னொன்று, முதல் தடவை எல்லாப் பாடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும். தமிழ் கட்டாயம், கணக்குக்கும் தப்பிக்க வழியில்லை. தேறிய பாடம் தேறியதுதான், விட்டதை மட்டும் துணைத்தேர்வில் எழுதிக்கொள்ளலாம். இருபது வருடம் கழித்து அல்ஜீப்ராவைத் தொடுபவருக்கு அந்த முதல் தடவை எவ்வளவு கனமானது என்பது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கனத்தை இறக்கி வைக்கும் வழி ஒன்று உண்டு. அது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், எல்லோரும் சொல்வது என்.ஐ.ஓ.எஸ். 1989-ல் ஒன்றிய அரசு தொடங்கியது. சி.பி.எஸ்.இ. போல இதுவும் தேசிய அளவிலான ஒரு வாரியம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், மேல் வரம்பு இல்லை. எட்டாம் வகுப்புச் சான்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், "இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன்" என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்கிறார்கள். டி.சி. வெள்ளத்தில் போனவர்கள், பள்ளியே மூடப்பட்டுவிட்டவர்கள், சிறு வயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய கதவு! வயதுக்கு மட்டும் சான்று வேண்டும்.

பாடம் ஐந்து. மொழிப்பாடம் கட்டாயம், மற்றவை உங்கள் விருப்பம். கணக்கு வேண்டாமா? மனையியல் எடுக்கலாம், வணிகவியல் எடுக்கலாம், ஓவியம்கூட எடுக்கலாம். பத்தாம் வகுப்பைத் தமிழ் வழியிலேயே எழுத முடியும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று என்று பிரித்து எழுதலாம். வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண் உண்டு. கட்டணம் மட்டும் தனித்தேர்வர் வழியைவிடக் கூடுதல், ஆயிரத்தைத் தாண்டும். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் சலுகை தருகிறார்கள்.

இவ்வளவு இளகிய விதிகள் இருக்கும்போது அக்காவை ஏன் நேராக அங்கே அனுப்பவில்லை? காரணம் இரண்டு. கணக்கும் அறிவியலும் இல்லாமல் வாங்கிய பத்தாம் வகுப்பு, அவை இரண்டையும் கேட்கும் படிப்பின் வாசலில் மறுபடி நம்மை நிறுத்தும். இரண்டாவது காரணம் அதைவிட முக்கியம். மாநில வாரியச் சான்றிதழைப் பார்த்து "இது சமமானதா?" என்று தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்கப்போவதில்லை. என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழுக்கு, மாநில அரசு வேலை என்று வரும்போது, அந்தக் கேள்வி இங்கே எழுந்திருக்கிறது. ஒன்றிய அரசு வேலை, தனியார் வேலை, வெளி மாநிலம், மேற்படிப்பு என்று போகிறவர்கள் தாராளமாக அதில் சேரலாம். மாநில அரசு வேலைதான் குறி என்றால், கணக்கு கசந்தாலும் தனித்தேர்வர் வழியில் போங்கள் என்றே சொல்வேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதே இல்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு அரசு ஐ.டி.ஐ-யில் வயர்மேன் போன்ற இரண்டாண்டுத் தொழிற்பிரிவில் சேர்ந்து தேறிவிட்டு, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் தனியாக எழுதி வென்றால், அது பத்தாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளப்படும். கையில் தொழிலும் இருக்கும், பத்தாவதும் இருக்கும். அரசு ஐ.டி.ஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடப்புத்தகம், சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. வயது விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு: ஆண்களுக்கு 14 முதல் 40 வரை, பெண்களுக்கு உச்சவரம்பு இல்லை. இருபத்தைந்து வயதில் வேலை இல்லாமல் நிற்கும் பையனுக்கு மூன்றில் இதுதான் முதல் தேர்வு என்று நினைக்கிறேன். அக்காவுக்கு ஒத்துவராது. விதி அவரைத் தடுக்கவில்லை, பகல் முழுக்க இரண்டு வருடம் வகுப்பில் இருக்க வேண்டுமே, கடையை யார் பார்ப்பது?

சரி, இந்த மூன்றிலும் சேராமல் "பத்தாவதே வேண்டாம், நேராக டிகிரி வாங்கித் தருகிறோம்" என்று ஆசை காட்டுபவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 18 வயது ஆனால் போதும், பள்ளிப் படிப்பே இல்லாமல் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு பி.ஏ. சேரலாம் என்று திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு காலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆறு மாத பி.பி.பி. அந்த வகைதான். அறிவுக்காகப் படிப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. அதே ஆண்டு தமிழக அரசு 107-ஆம் எண் அரசாணையைப் போட்டது. பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். என் உறவில் ஒரு பெண், பி.ஏ. முடித்த பிறகு பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் எழுதித் தேறினார். மூன்று சான்றிதழும் உண்மையானவை, மூன்றும் அவர் இரவு விழித்துப் படித்து வாங்கியவை. சான்றிதழ் சரிபார்ப்பில் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவரைச் சேர்த்துவிட்ட பயிற்சி மையத்தில் ஒருவர்கூட இந்த வரிசையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், வேலை அறிவிப்பை முதலில் படியுங்கள். 2025-ல் வந்த அங்கன்வாடி அறிவிப்பில் உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு, வயது 20 முதல் 40. பணியாளருக்குப் பன்னிரண்டு, வயது 25 முதல் 35. அக்காவுக்கு இரண்டாவது கதவு மூடிவிட்டது, முதல் கதவு திறந்திருக்க இன்னும் நாலு வருடம் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்டதும் அவர் முகம் ஒரு நொடி வாடியது. "மூணு வருசம் முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா" என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கு அடிப்படைத் தகுதி பத்தாவதுதான். ஆனால் பத்தாவது மட்டும் இருந்தால் இளநிலை உதவியாளர் போன்ற பணிகளுக்கு வயது வரம்பு குறுக்கே நிற்கும். அதைவிடக் கூடுதலாகப் படித்திருந்தால் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடி வகுப்பினருக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் அந்த வரம்பு விலகிவிடுகிறது. நாற்பதைத் தொட்டவர்கள் பத்தாவதோடு நிற்காமல் பன்னிரண்டாவதையும் முடிப்பது ஏன் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை, பள்ளிக்குப் போகாமல் தனியாகத் தேர்வெழுதியவர்களுக்குக் கிடைக்காது. எழுதியது முழுக்கத் தமிழில்தான் என்றாலும் கிடைக்காது. இந்த விதி எனக்கு நியாயமாகப் படவில்லை. பள்ளிக்குப் போக முடியாமல் போனதுதான் அவர்களுடைய குறையே.

சான்றிதழே வேண்டாம், சீக்கிரம் ஒரு வேலை வேண்டும் என்பவர்களுக்கு தீன் தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா இருக்கிறது. கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கானது. பொதுவாக 15 முதல் 35 வயது, பெண்களுக்கு 45 வரை. வீட்டில் யாராவது மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தாலோ, நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாலோ தகுதி வந்துவிடும். எழுதப் படிக்கவே தெரியாதவர்களுக்கு, அக்காவின் மாமியார் மாதிரி, 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், அதாவது உல்லாஸ். ஊர்ப் பள்ளியில் தன்னார்வலர்கள் சொல்லித் தருவார்கள். முடிவில் வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் தலா 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு.

அக்கா கடைசியில் தனித்தேர்வர் வழியைத்தான் எடுத்தார். செய்முறை வகுப்பு நாட்களில் கடையை மூடிக்கொள்கிறேன் என்றார். கணக்குக்கு என் வீட்டுத் திண்ணை, வாரம் மூன்று நாள், கடை அடைத்த பிறகு. எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் அந்த டி.சி-யை மறுபடி பார்த்தேன். பெயருக்கு முன்னால் "க", அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்து. ஆதாரில் "மு", கணவருடையது. சான்றிதழில் டி.சி-யில் இருப்பதுதான் ஏறும். வேலைக்குப் போகும்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிடுவார்கள். இருபது வருடப் பழைய பள்ளிப் பதிவேட்டைத் திருத்துவது பெரும்பாடு, ஆதாரைத் திருத்துவது அவ்வளவு கஷ்டமில்லை. திங்கட்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்னால் இ-சேவை மையத்துக்குப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.