பிள்ளைகளோடு கூரை திறந்த கார்: பழைய கோல்ஃப் கேப்ரியோலே வாங்குமுன்

நான்கு சீட் கன்வெர்ட்டிபிள் பார்க்கப் போகிறவர்கள் போனதும் கூரையைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது இரண்டாவது வேலை. முதலில் உங்கள் சைல்ட் சீட்டையும் மடக்கிய தள்ளுவண்டியையும் கையோடு கொண்டுபோய், விற்பவர் முன்னாலேயே காரில் வைத்துப் பாருங்கள். பார்க்கப் போன கார்களில் பாதி அந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

பிரிட்டனில் பழைய காராக வாங்குகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது ஆறாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃப் கேப்ரியோலே. 2011 முதல் 2016 வரை ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில், முன்பு கார்மன் நிறுவனத்தின் கையில் இருந்த ஆலையில் தயாரானது. இதன் துணிக்கூரை தனக்கென்று உள்ள குழிக்குள் மடிகிறது, டிக்கியின் இடத்தைத் தொடுவதே இல்லை. கூரை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் டிக்கி 250 லிட்டர்தான். வோக்ஸ்வாகனின் இன்னொரு கன்வெர்ட்டிபிளான இயோஸில் இரும்புக்கூரை, அது மடிந்து டிக்கிக்குள் இறங்கும். மூடியிருக்கும்போது 380 லிட்டர் டிக்கி, திறந்தால் 205. வோல்வோ சி70 இன்னும் மோசம், 400 லிட்டர் பாதியாகிவிடும். கடற்கரைக்குக் கிளம்பும் நாளில் பெட்டிகளை வைத்தால் கூரை திறக்காது, கூரையைத் திறந்தால் பெட்டிகளுக்கு இடமிருக்காது. குடும்பத்தோடு போகும் நாளில்தானே இரண்டும் வேண்டும்?

ஆனால் 250 லிட்டர் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. டிக்கியின் வாய் அகலமாக இருந்தாலும் உயரம் குறைவு. பெரிய சக்கரம் வைத்த தள்ளுவண்டி உள்ளே இடமிருந்தும் வாயில் நுழையாது. குடைபோல மடங்கும் வகை நுழையும். பின் சீட்டின் சாய்மானம் இரண்டு பாதியாக மடங்குவதால் ஒரு பிள்ளை உள்ளவர்கள் சமாளிக்கலாம். இரண்டு பிள்ளைகள் என்றால் அந்த வசதி கணக்கில் வராது. அதிக இடம் கட்டாயம் வேண்டும் என்றால் வாக்ஸ்ஹால் காஸ்காடா பாருங்கள். மூடினால் 380, திறந்தால் 280 லிட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே 17 விநாடியில் கூரை திறக்கும். நீளம் 4.7 மீட்டர், கோல்ஃபைவிட ஏறத்தாழ அரை மீட்டர் அதிகம். வீட்டு வாசலை அளந்துவிட்டுப் போங்கள்.

பின் சீட்டுக்கு வருவோம். இரண்டு பேருக்குத்தான் இடம், நடுவில் மூன்றாவது பெல்ட் கிடையாது. கூரையின் கைகள் பக்கச் சுவருக்குள் மடங்கி நிற்பதால் தோள்பக்கம் குறுகலாகிறது. வளர்ந்த பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் கீழே சரியாக உட்கார்ந்தாலும் அதன் பக்கக் காதுகள் மேலே சுவரில் இடிக்கலாம். சைல்ட் சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் மாட்டியதோடு நிறுத்தாமல் பிள்ளையை உட்கார வைத்து பெல்ட்டைப் போடுங்கள். பெல்ட்டின் கொக்கி வாய் சீட்டின் அடியில் புதைந்து, பிள்ளையின் கையாலோ உங்கள் கையாலோ எட்ட முடியாமல் போவது இந்த வகைக் கார்களில் அடிக்கடி நடக்கிறது. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை சைல்ட் சீட் சட்டப்படி கட்டாயம். ஆகவே இந்த இடைஞ்சல் ஒன்றிரண்டு ஆண்டில் தீர்ந்துவிடாது.

பின்னோக்கி உட்காரும் கைக்குழந்தை சீட் வைத்தால் முன் சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குமேல் ஒரு பெரியவர் அங்கே உட்கார முடிகிறதா என்பதையும் பாருங்கள். கூரை திறந்திருந்தால் குழந்தையை மேலிருந்தே இறக்கலாம், நிமிர்ந்து நின்றபடி பெல்ட் மாட்டலாம். எந்த ஐந்து கதவுக் காரிலும் இந்தச் சுகம் இல்லை. மழையில் அதுவே தலைகீழாகும். கூரை மூடியிருக்க, முன் சீட்டை மடக்கி, இடுப்பை வளைத்து, ஒரு முழங்காலை உள்ளே ஊன்றித்தான் மாட்ட முடியும். இரண்டு கதவுக் கார் என்பதால் கதவு நீளம், அகலத் திறக்க இடம் வேண்டும். பிரிட்டனில் வழக்கமான பார்க்கிங் கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர்தான். குழந்தைகளோடு வருவோருக்கான அகலக் கட்டம் கிடைக்காத நாளில் காரைச் சுவரோரமாக, ஓட்டுநர் பக்கம் ஒட்டி நிறுத்தப் பழகிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: பூஸ்டரின் தலைப்பகுதியை உயர்த்தி வைத்த நிலையில் கூரை மூடி வரும்போது அதன் சட்டம் எங்காவது உரசுகிறதா? பிள்ளையை ஏற்றாமல், வெறும் சீட்டோடு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கூரை அசையும்போது பிள்ளைகளின் கைகள் மடியில் இருக்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே பழக்கிவிடுங்கள். பின் சீட்டின் தலையணைகளுக்குப் பின்னால், கார் கவிழ்ந்தால் எழும் பாதுகாப்புக் கம்பிகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றின் மேல் போர்வை, பை எதையும் வைக்காதீர்கள். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

காற்றைப் பற்றி விற்பவர்கள் பேசுவதே இல்லை. முன் கண்ணாடிக்கு மேலே போகும் காற்று பின்பக்கம் சுருண்டு திரும்பி, முதலில் அடிப்பது பின் சீட்டில் இருப்பவர் முகத்தில். முன்னால் இருக்கும் பெரியவர்களுக்கு இதமாக இருக்கும் வேகத்தில் பின்னால் பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கும். காற்றுத் தடுப்பு வலை பின் சீட்டின் மேல்தான் விரியும் என்பதால் பிள்ளைகள் இருந்தால் அதைப் போட முடியாது. நான்கு பேருக்கும் சேர்த்து யோசித்த தீர்வு 2010-இல் வந்த மெர்சிடிஸ் ஈ கிளாஸ் கேப்ரியோலேயில் இருக்கிறது. முன் கண்ணாடியின் மேல் விளிம்பில் எழும் இறக்கையும் பின் தலையணைகளுக்கு இடையே உள்ள வலையும் சேர்ந்து காற்றைத் தலைக்கு மேலே அனுப்பிவிடுகின்றன. கோல்ஃபில் நான்கு பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஊருக்குள்ளும் கிராமச் சாலையிலும் திறந்து ஓட்டுங்கள், மோட்டார்வேயில் மூடிவிடுங்கள். தாடைக்குக் கீழே கட்டும் தொப்பி வாங்குங்கள். வெயிலில் திறந்து நிறுத்திய காரில் பெல்ட்டின் உலோக நாக்கு தொடை சுடும் அளவுக்குக் காயும். நிறுத்திவிட்டுப் போகும்போது அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்தது தண்ணீர். பழைய கன்வெர்ட்டிபிளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். கால்மிதியைத் தூக்கி, அதன் அடியில் உள்ள கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். பின் சீட்டின் முன்பக்கத் தரையிலும் டிக்கியின் அடிக்குழியிலும் அப்படியே செய்யுங்கள். கை ஈரமானாலோ, கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடை வந்தாலோ, உள்கண்ணாடியில் காலையில் பனி படிந்திருந்தாலோ எங்கோ தண்ணீர் நிற்கிறது. பெரும்பாலும் துணி கிழிந்திருக்காது. கூரை மடியும் குழியின் வடிகால் குழாய்கள் இலையும் பாசியும் அடைத்து, தண்ணீர் உள்ளே திரும்பியிருக்கும். அடைப்பெடுக்க புல்வெட்டி இயந்திரத்தின் மெல்லிய நைலான் கம்பியை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். காற்றடித்துத் தள்ளினால் குழாய் தன் இணைப்பிலிருந்து கழன்றுவிடும், பிறகு தண்ணீர் நேராகக் கம்பளத்தில்தான் இறங்கும். இயோஸ் வாங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை. ஐந்து துண்டுக் கூரையின் ரப்பர் விளிம்புகளைத் துடைத்து, அதற்கென்று உள்ள கிரைடாக்ஸ் மசகை ஆண்டுக்கு இரண்டு முறையாவது தடவ வேண்டும். முந்தைய உரிமையாளர் அந்த மசகின் பெயரையே கேள்விப்படவில்லை என்றால் கார் ஒழுகத் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

கூரையை எஞ்சின் ஓடும்போது தொடர்ந்து மூன்று முறை திறந்து மூடுங்கள். கோல்ஃபில் திறக்க 9.5 விநாடி, மணிக்கு 30 கிலோமீட்டர் வரை ஓடும்போதும் இயங்கும். ஒரு பக்கம் பிந்தி வந்தாலோ, பம்ப் முனகினாலோ, கீல்களின் ஓரம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ ஹைட்ராலிக்கில் கோளாறு. பாதியில் நின்றால் பயந்துவிட வேண்டாம், பேட்டரி சோர்ந்திருந்தாலும் அப்படி நிற்கும். வேறு பேட்டரியில் சோதித்த பிறகு விலை பேசுங்கள். பின் கண்ணாடி துணியோடு ஒட்டிய விளிம்பை விரலால் சுற்றி வருடிப் பாருங்கள், பசை விட்டிருந்தால் நகம் உள்ளே இறங்கும். சட்டமில்லாத கதவுக் கண்ணாடி, கைப்பிடியை இழுத்ததும் சிறிதளவு இறங்கி, மூடியதும் ஏற வேண்டும். உறைபனி நாளில் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு இறங்காது. அப்போது கதவை இழுத்தால் ரப்பர் கிழியும், ஆகவே குளிர்காலத்துக்கு முன்பே ரப்பருக்கு மசகு போட்டுவிடுங்கள்.

கோல்ஃபின் எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக: சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்த 160 குதிரைத்திறன் 1.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் உடைவதும் டைமிங் செயின் நீள்வதும் தெரிந்த குறைகள். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் கிளப்பும்போது சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் விலகிவிடுங்கள். 2015-க்குப் பின் வந்த 125, 150 குதிரைத்திறன் 1.4-இல் செயினுக்குப் பதில் பெல்ட், அவை மேல். ஏழு கியர் உலர்கிளட்ச் டிஎஸ்ஜி என்ற தானியங்கி கியர்பெட்டி ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது உதறினால் செலவு பெரிது, கைக்கியர் நிம்மதி. லண்டன்வாசிகள் டீசலில் கவனமாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரத்தின் எல்லாப் பகுதிகளிலும் யூரோ 6 என்ற புகை அளவுகோலை எட்டாத டீசலுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் கட்டணம். இந்தக் கோல்ஃபின் பழைய டீசல்கள் யூரோ 5. பதிவு எண்ணைக் கொடுத்தால் எம்.ஓ.டி. என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஓடிய மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.

வாங்கிய பின் துணிக்கூரைக்கு வேண்டியது கொஞ்சம்தான். வெந்நீர்ப் பீச்சல் வேண்டாம். மென்மையான தூரிகையும் தண்ணீரும் போதும், துணியின் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நீர்விலக்கித் தெளிப்பு, பெயிண்டிலும் கண்ணாடியிலும் படாமல். ஈரத்தோடு கூரையை மடித்து வைத்தால் மடிப்பில் பூஞ்சை பிடித்துக் கறை நின்றுவிடும். மழை விட்ட கையோடு பிள்ளைகள் கூரையைத் திறக்கச் சொல்லிக் கேட்பார்கள். துணி காயும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.