அக்கீயா: எழுத்திலேயே குடியிருக்கும் ஓர் ஊர்

படமே இல்லாமல், திரையில் ஓடும் எழுத்தை மட்டும் நம்பிப் பல பேர் ஒன்றாக ஆடும் இணைய ஆட்டங்களை 'மட்' என்பார்கள். 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய ஆட்டத்தின் பெயரே பின்னர் அந்த வகை முழுவதற்கும் நிலைத்துவிட்டது. அந்த வழியில் வந்த அக்கீயா, 1997 முதல் இன்றுவரை விடாமல் நடந்துவருகிறது. சில மாதங்களாக இரவுதோறும் அதில் ஆடிவரும் எனக்கு, அங்கே அரக்கர்களை வெட்டுவதைவிட மனிதர்களோடு பழகுவதே பெரிய ஆட்டமாகத் தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் 'சே' (say) என்று தொடங்கித் தட்டி எழுதினால் பேச்சு. 'எமோட்' (emote) என்று தொடங்கித் தட்டி எழுதினால் செயல். சைரீன் என்னும் மலைநகரத்தில் நான் வழி தெரியாமல் நின்றிருந்த முதல் வாரத்தில், அங்கு வந்த ஒருவர் தம் மேலங்கியில் படிந்திருந்த பனியைத் தட்டிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்து, எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். அவ்வளவும் மூன்றே வரி. நான் பதில் எழுத எடுத்துக்கொண்ட அரை நிமிடத்தில் அவர் சும்மா நிற்கவில்லை; கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு காத்திருப்பதாக இன்னொரு வரி வந்தது. எதிரில் இருப்பவர் தயங்குவதற்கும் இடம் விட்டு எழுதும் அந்தப் பக்குவத்தை, முகம் தெரியும் ஆட்டங்கள் எதிலும் நான் கண்டதில்லை.

இந்தப் பழக்கவழக்கத்துக்கு ஊர் அமைப்பே துணைநிற்கிறது. இயற்கையைக் காக்கும் எலூசிஸ், தீமையைக் கொள்கையாகவே ஏற்ற மால்டோர், ஒழுங்கின்மையைப் போற்றும் ஆஷ்டான் என ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு கொள்கை உண்டு. அவற்றின் தலைவர்களும் ஆடுபவர்களே. ஒரு நகரத்தாரைப் பகைத்துக்கொண்டால் அவர்கள் உங்களை எதிரியாக அறிவிக்கலாம். அதன்பின் அந்நகர வாயிற்காவலர்கள் உங்களை உயிரோடு விடமாட்டார்கள். தெய்வங்களின் வேடத்தை ஆட்டத்தை நடத்தும் தரப்பினரே ஏற்கிறார்கள். சொன்ன சொல்லுக்கும் செய்த செயலுக்கும் ஊர் கணக்கு வைத்திருப்பதால்தான், யாரும் வாய்க்கு வந்தபடி பேசுவதில்லை.

ஆடுவதற்கு மாதச் சந்தா கட்டவேண்டியதில்லை. ஆனால் உண்மைப் பணத்துக்கு 'கிரெடிட்' விற்கிறார்கள், அதைக் கொண்டு பயிற்சிகளும் அரிய ஆயுதங்களும் வாங்கலாம். சண்டையில் முன்னுக்கு வர விரும்புபவருக்கு இது ஒரு குறையே. கையில் காசுள்ளவரோடு மோதுவது எளிதல்ல. பழகவும் பேசவும் வருபவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதால், நான் இதுவரை எதுவும் வாங்கவில்லை. ஆட்டம் முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதும், வேகமாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் தொடக்கத்தில் சிரமம் தரும்.

எல்லாம் எழுத்தாகவே இருப்பதால், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு பார்வையற்றவர்கள் பலர் இதில் ஆடுகிறார்கள். போரிலும் அரசியலிலும் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாக நிற்பதை மனமாரப் பாராட்டுகிறேன். உலாவியிலேயே ஆடலாம், மட்லெட் என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் இன்னும் வசதி. புதியவர்கள் ஐயம் கேட்கத் தனி அலைவரிசை ஒன்று இருக்கிறது. வழி தெரியாமல் நிற்கும்போது கூச்சப்படாமல் அங்கே கேளுங்கள்.