மாதம் ஒரு ஊசியா, தினம் ஒரு ஊசியா: அக்ரோமெகலி மருந்துகளில் எதில் எங்கே கவனம் வேண்டும்

அக்காவுக்கு அக்ரோமெகலி (வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து கை, கால், முகம் பெரிதாகும் நோய்) என்று தெரியவருவதற்குள் மோதிரத்தை இரண்டு முறை பெரிதாக்கியிருந்தோம். செருப்பு அளவும் ஏறியிருந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை மூக்கு வழியாக அறுவை செய்து எடுத்தார்கள், ஆனால் முழுவதும் எடுக்க முடியவில்லை. மிச்சமிருந்த துண்டு வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருந்ததால் ஊசி மருந்து தேவைப்பட்டது. அப்போது நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "இதில் எது சக்தி வாய்ந்தது?" என்பதுதான். இத்தனை வருடம் கூட இருந்து பார்த்தபின், "இதில் தவறு எங்கே நடக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும் எனத் தோன்றுகிறது. நான்கு முக்கிய ஊசிகளிலும் அந்த இடம் வேறு வேறு.

முதலில் ஆக்ட்ரியோடைட். வளர்ச்சி ஹார்மோனை அடக்க நம் உடலே சோமாடோஸ்டாடின் என்ற ஒன்றைச் சுரக்கிறது. 1973இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம்கூட நிலைப்பதில்லை, மருந்தாக்க முடியாது. அதன் வேலையைச் செய்யும்படி, இன்னும் நேரம் தாங்கும்படி உருவாக்கியதுதான் ஆக்ட்ரியோடைட். இது இரண்டு வடிவில் வருகிறது. ஒன்று, நாளுக்கு மூன்று முறை தோலுக்கு அடியில் போடுவது. மற்றொன்று எல்.ஏ.ஆர். என்ற நீடித்த வடிவம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை பிட்டத்துத் தசையில் போடுவது. பெயர் ஒன்றே என்பதால் இங்கேயே முதல் ஆபத்து இருக்கிறது. முதலாவதன் ஒரு வேளை அளவு பெரும்பாலும் 100 மைக்ரோகிராம். இரண்டாவது வழக்கமாக 20 மில்லிகிராமில் தொடங்கும். 200 மடங்கு வித்தியாசம்! சீட்டில் "ஆக்ட்ரியோடைட்" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வடிவம், எந்த அலகு, எங்கே போடுவது என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்.ஏ.ஆர். வடிவத்தை எக்காரணம் கொண்டும் ரத்தக் குழாயில் ஏற்றக் கூடாது.

எல்.ஏ.ஆர். மருந்து பொடியாக வரும். கரையும் தையல் நூலில் இருக்கும் அதே வகைப் பொருளால் ஆன நுண்ணிய உருண்டைகளுக்குள் மருந்து அடைபட்டிருக்கும். தசைக்குள் போனபின் அந்த உருண்டைகள் மெல்லக் கரைந்து மருந்தை விடும். அதனால்தான் முதல் ஊசி போட்ட வாரத்தில் பலன் தெரியாது. ரத்தத்தில் மருந்தின் அளவு நிலைக்கு வரவே இரண்டு வாரம் பிடிக்கும். "போட்டும் தலைவலி, வியர்வை எதுவும் குறையவில்லையே" என்று அக்கா முதல் வாரம் பயந்தது இது தெரியாததால்தான்.

இதில் எல்லாமே கலக்குவதில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வர குறைந்தது அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். கூடவே தரும் திரவத்தைத் தவிர வேறெதிலும் கலக்கக் கூடாது. திரவம் விட்டதும் பொடி முழுக்க நனையும்வரை சில நிமிடம் சும்மா விட வேண்டும். பிறகுதான் குலுக்குவது. குலுக்கியதும் தாமதிக்காமல் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பொடி அடியில் தங்கிவிடும். ஒருமுறை அக்காவுக்கு அவசரத்தில் கலக்கிவிட்டார்கள். ஊசி பாதியிலேயே அடைத்துக்கொண்டது. குப்பியின் சுவரில் வெள்ளையாகக் கட்டி ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். அந்த மாதம் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே எல்.ஏ.ஆர். போட்டுக்கொள்பவர்கள் கலக்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அது சந்தேகப்படுவதாகாது. தவிர, இதைப் பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும், வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம்.

லான்ரியோடைட் இதே குடும்பம்தான், வேலையும் ஏறக்குறைய அதேதான். வித்தியாசம் சிரிஞ்சில் இருக்கிறது. கலக்குவது கிடையாது, நிரப்பியே வருகிறது. மருந்து மூலக்கூறுகளே தண்ணீரில் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாகிக் கெட்டியான ஜெல் ஆகிவிடுகின்றன. தனியாக உருண்டை எதுவும் தேவையில்லை. 60, 90, 120 மில்லிகிராம் என மூன்று அளவு உண்டு. பிட்டத்தின் மேல்புற வெளிப்பகுதியில், தோலுக்கு அடியில் ஆழமாகப் போடுவார்கள். தோலைப் பிடித்து மடிக்காமல் இழுத்துத் தட்டையாக்கி, ஊசியைச் செங்குத்தாக முழுதும் செலுத்தி, மருந்தை மெதுவாகத் தள்ள வேண்டும். ஜெல் கெட்டி என்பதால் அவசரப்பட்டால் வலிக்கும், மருந்தும் வெளியே கசியும். போட்ட பிறகு தேய்க்கக் கூடாது. போட்ட இடத்தில் சில சமயம் கட்டி மாதிரி தட்டுப்படும். ஒவ்வொரு முறையும் பக்கத்தை மாற்றிக்கொள்வது இதற்காகத்தான்.

சில நாடுகளில், நோய் கட்டுக்குள் இருந்தால், பயிற்சி தந்து வீட்டிலேயே போட்டுக்கொள்ள லான்ரியோடைட்டை அனுமதிக்கிறார்கள். குறைந்த அளவிலேயே நன்றாகக் கட்டுப்பட்டவர்களுக்கு 120 மில்லிகிராமை, மாதம் ஒரு முறைக்குப் பதில் ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தள்ளிப்போடவும் வழி இருக்கிறது. எல்.ஏ.ஆர்., லான்ரியோடைட் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் லான்ரியோடைட் பக்கம்தான் சாய்வேன். காரணம் பலன் அல்ல, மனிதக் கை தவறுவதற்கான படிகள் இதில் குறைவு. நன்றாகக் கலக்கத் தெரிந்த ஒருவர் நிரந்தரமாகக் கிடைத்தால் அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன்.

பக்கவிளைவில் இரண்டும் சகோதரிகள். ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, எண்ணெய் மிதக்கும் மலம். இவை பலருக்குப் போகப்போகக் குறையும். பித்தப்பை சரியாகச் சுருங்காததால் கல் சேரலாம். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடுங்கும் வலி வந்தால் அதைச் சாதாரண வயிற்று வலி என்று விடக் கூடாது. இதயத் துடிப்பு மந்தமாகலாம், அதனால் ரத்த அழுத்தத்துக்காக, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சர்க்கரை இரண்டு பக்கமும் நகரலாம். இன்சுலின் போடுபவர்களுக்கு இது முக்கியம்.

சர்க்கரை என்றால் பேசிரியோடைட்டுக்கு வர வேண்டும். முதல் இரண்டுக்கும் கட்டுப்படாதவர்களில் சிலருக்கு இது கைகொடுக்கும். இதுவும் மாதம் ஒரு முறை தசையில் போடும் ஊசிதான். இது இன்சுலின் சுரப்பையே அதிகம் அடக்குவதால் சர்க்கரை ஏறுவது சகஜம், சிலருக்கு நன்றாகவே ஏறும். தொடங்கும்முன் சர்க்கரைப் பரிசோதனை, முதல் மூன்று மாதம் வாரா வாரம் பரிசோதனை, அளவைக் கூட்டினால் மறுபடியும். கூடவே ஈ.சி.ஜி., கல்லீரல் பரிசோதனை, ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம். ஏற்கெனவே சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு வேறு வழி இருக்கும்போது நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

நான்காவது பெக்விசோமன்ட் முற்றிலும் வேறு ஆள். மற்ற மூன்றும் கட்டியைச் சுரக்காதே என்று சொல்பவை. இது கட்டியைத் தொடுவதே இல்லை. ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை மற்ற உறுப்புகளில் அடைத்துவிடுகிறது. அதனால், வளர்ச்சி ஹார்மோன் தூண்டக் கல்லீரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனின் உற்பத்தி குறையும். நோயின் பாதிப்பில் பெரும்பகுதி இந்த ஐ.ஜி.எஃப்-1 மூலம்தான் வருகிறது.

இங்கேதான் மிகச் சுலபமாகக் குழம்பும் இடம். பெக்விசோமன்ட் போடும்போது ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறையாது, ஏறும்! போதாததற்கு, மருந்தின் வடிவமே அந்த ஹார்மோனைப் போல இருப்பதால் பரிசோதனைக் கருவியும் ஏமாறும். ஆகவே அந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவதோ நிறுத்துவதோ தவறு, ஐ.ஜி.எஃப்-1 மட்டும்தான் அளவுகோல், அதுவும் வயதுக்கேற்ற வரம்போடு. வேறு காரணத்துக்காகப் போகும் இடத்தில் யாராவது வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனை எழுதினால், என்ன ஊசி போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

இது தினசரி ஊசி. முதல் தடவை 40 மில்லிகிராமை மருத்துவர் முன்னிலையில் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து தினம் 10 மில்லிகிராம். பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஐ.ஜி.எஃப்-1 பார்த்து 5 மில்லிகிராமாகக் கூட்டலாம், குறைக்கலாம்; உச்சம் 30. கலக்கும்போது குலுக்கவே கூடாது, குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். எல்.ஏ.ஆர். பழகியவர்கள் கை தானாகக் குலுக்கும், கவனம். ஒரே இடத்தில் தினமும் போட்டால் அங்கே கொழுப்பு வீங்கிக் கட்டியாகும், அதனால் வயிறு, தொடை, கை என்று சுற்றிவர வேண்டும். முதல் ஆறு மாதம் மாதா மாதம் கல்லீரல் பரிசோதனை. பிட்யூட்டரிக் கட்டி வளர்கிறதா என்று எம்.ஆர்.ஐ. சர்க்கரை விஷயத்தில் மட்டும் இது பேசிரியோடைட்டுக்கு நேர் எதிர். இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குவதால் பழைய அளவிலேயே சர்க்கரை மருந்தைத் தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம்.

பெண்களுக்கு இன்னொன்று. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஐ.ஜி.எஃப்-1 அளவைக் குறைத்துக் காட்டும், ஆகவே அதைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஊசி தரும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஹார்மோன் அடங்கினால் நின்றுபோன மாதவிலக்கு திரும்பலாம், கருவுறவும் வாய்ப்புண்டு. இந்தப் பேச்சை முதல் ஊசிக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அக்கா இப்போது லான்ரியோடைட்டில் இருக்கிறாள், ஆறு வாரத்துக்கு ஒரு முறை. ஊசிக்கு முந்தின நாள் ரத்தம் கொடுக்கிறோம், மருந்தின் பிடி மிகக் குறைந்திருக்கும் சமயத்தில் ஐ.ஜி.எஃப்-1 எப்படி இருக்கிறது என்று தெரிவதற்காக. ஒவ்வொரு முறையும் அதே லேபில்தான் கொடுக்கிறோம், ஏனென்றால் லேபுக்கு லேப் எண் மாறும்.