கூப்பனைவிடப் பால் அட்டை: ஊரில் வீட்டுச் சாமான் வாங்கிய அனுபவம்

அமெரிக்காவில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கூப்பன் பழகிப்போன சங்கதி. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளோடு வரும் தாள்களிலிருந்து கத்தரித்த காலம் போய், இப்போது கடையின் செயலியிலேயே வேண்டியதைத் தொட்டுச் சேர்த்துக்கொண்டு, தயாரிப்பாளர் தரும் கூப்பனையும் கடை தரும் கூப்பனையும் ஒரே பொருளின்மேல் போட்டு, சோப்பையும் சலவைத் தூளையும் பாதி விலைக்கு வாங்கும் வித்தையை அங்கே குடியேறியவர்களில் பலர் விரைவிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இந்த முறை ஊருக்கு வந்திருந்தபோது சென்னையில் அம்மா வீட்டுச் சாமான் செலவை நானே ஏற்றுக்கொண்டதால், அந்த வித்தை இங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அதிகம் செல்லவில்லை. ஆனால், கூப்பனே இல்லாமல் மிச்சம் பிடிக்க இங்கே வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைக் கவனிப்பதில்லை.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது எம்.ஆர்.பி. எனப்படும் அதிகபட்ச சில்லறை விலை. அமெரிக்காவில் ஒரே பற்பசைக்கு ஒவ்வொரு கடையும் தன் இஷ்டத்துக்கு விலை வைக்கலாம். அந்த இடைவெளியில்தான் கூப்பன் பிழைக்கிறது. இந்தியாவிலோ, 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன்கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும், எல்லா வரிகளும் அடங்கிய உச்ச விலையைப் பொட்டலத்தின்மேலேயே அச்சிடச் சொல்கின்றன. எனவே பேரங்காடியில் தொங்கும் ‘20 சதவீதம் தள்ளுபடி’ அட்டை, அந்த உச்ச விலையிலிருந்து கழித்த கணக்கே தவிர, பக்கத்துக் கடை விற்கும் விலையிலிருந்து கழித்தது அல்ல. பக்கத்துக் கடைக்காரரும் அதே பொருளை எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதில் அண்மைக் காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலை அச்சிட்ட சரக்கின்மேல் ‘சலுகை விலை’ என்று எழுதியிருந்தால், அது கடைக்காரர் மனமுவந்து கொடுத்ததா, வரி குறைந்ததால் நமக்குச் சேர வேண்டியதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எம்.ஆர்.பி.க்கு அருகில் சின்ன எழுத்தில் இன்னோர் எண்ணும் இருக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமாக இருந்தால் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேற்பட்டதாக இருந்தால் கிலோவுக்கு எவ்வளவு என்று அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்பது சில ஆண்டுகளுக்கு முன் வந்த விதி. என் கணக்கில் கூப்பன்களைவிட அதிகம் உதவியது இந்த எண்தான். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று சேர்த்துக் கட்டிய இரண்டு பாக்கெட்டுகளின் எடை, தனியாக விற்கும் ஒரு பெரிய பாக்கெட்டின் எடையைவிடக் குறைவாக இருப்பதை அதைப் பார்த்துத்தான் கண்டேன். அப்படிக் கட்டிவைத்தவற்றில் காலாவதித் தேதி நெருங்கியவையும் உண்டு.

பெரிய கடைகளில் கூப்பன் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பில்லின் அடியிலோ பின்பக்கத்திலோ, அடுத்த முறை ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் நூறு ரூபாய் கழிவு என்று அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். அதன் கீழுள்ள நிபந்தனைகளைப் படித்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை கணக்கில் சேரா என்று இருக்கும். மாதச் சாமானில் பாதியை அவை நான்குமே அடைத்துக்கொள்ளும்போது, மீதத்தில் ஆயிரம் ரூபாயைத் தொட வேண்டுமானால் தேவையில்லாத பிஸ்கட்டையும் வாசனைத் திரவியத்தையும்தான் கூடையில் போட வேண்டும். கூப்பனில் புதிதாக இறங்குகிறவர்கள் வாங்க வேண்டியவற்றின் பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்தும் கூப்பனை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பட்டியலே கூப்பனைப் பார்த்து எழுதப்பட்டால் மிச்சம் எதுவும் தேறாது.

பெரிய பாட்டில்தான் மலிவு என்ற அமெரிக்கப் பழக்கமும் இங்கே எடுபடாது. தெருமுனை மளிகைக் கடையில் ஷாம்பு கேட்டேன்.

“பெரிய பாட்டில் இருக்கா அண்ணாச்சி? அதுதானே லாபம்?”

“பாட்டில் எதுக்கும்மா? சரமா வாங்கிட்டுப் போங்க, லாபம் அதுலதான் இருக்கு.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு ரூபாய்ப் பாக்கெட்டில் ஐந்து மில்லிக்குச் சற்று மேல் இருந்தது. அப்படியானால் மில்லிக்கு இருபது பைசாகூட ஆகவில்லை. அம்மா முன்பு வாங்கிவைத்திருந்த அதே நிறுவனத்தின் பாட்டிலில் மில்லிக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் விழுந்தது. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழை வீடுகளுக்கும் கொண்டுசேர்த்த முயற்சியில் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு; அதையொட்டி நிறுவனங்களுக்கிடையே எழுந்த போட்டியில் இறங்கிய விலை இன்னும் ஏறாமல் இருக்கிறது போலும். குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கை நினைத்தால் மனம் உறுத்தத்தான் செய்கிறது.

எல்லாவற்றையும்விட அதிக மிச்சம் கிடைத்தது ஆவின் பால் அட்டையில். சென்னையில் ஆவின் நிறுவனம் மாதத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அட்டைதாரர்களுக்குக் குறைந்த விலையில் பால் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 2022 நவம்பரில் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் வரும் நிறைகொழுப்புப் பாலின் சில்லறை விலையை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்த்தியபோது, அட்டைக்காரர்களின் 46 ரூபாய் விலையைத் தொடவில்லை. அப்போது விழுந்த இடைவெளி லிட்டருக்கு 14 ரூபாய்; நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு முப்பது நாளில் 420 ரூபாய். நீல நிறப் பாக்கெட்டில் இந்த வேறுபாடு அப்போது 3 ரூபாய், பச்சையில் 2 ரூபாய்தான் என்பதால், எந்த நிறத்தை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே அட்டையால் வரும் லாபம் அமையும். அம்மாவோ ஆரஞ்சுப் பாலைக் கடையில் முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். ஆவின் வட்டார அலுவலகத்துக்கு அவரை அழைத்துப்போய் அட்டை எடுத்துக் கொடுத்ததுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான வேலை. வரிசை மெதுவாக நகர்ந்தது என்றாலும், கவுண்டரில் இருந்த அம்மையார் பணம் கட்ட வேண்டிய தேதிகளைப் பொறுமையாக இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். காலையில் டெப்போவுக்குப் போய்ப் பாலை எடுத்துவர ஓர் ஆள் வேண்டும் என்பது மட்டுமே இதிலுள்ள தொல்லை.

காய்கறிக்கு உழவர் சந்தை போதும். 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விவசாயிகளே இடைத்தரகரின்றி விற்கிறார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பதால், பேரம் பேசத் தெரியாத என் போன்றவர்களுக்கு அது வசதி. ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பேருந்து நிலையக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.யைவிட ஐந்து ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். காரணம் கேட்டால் ‘கூலிங் சார்ஜ்’ என்றார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் அப்படி வாங்கக் கூடாது என்பதே விதி. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கும் அழைத்துப் புகார் சொல்லலாம். இத்தகைய கடைகளில் பில் கிடைக்காது என்பதால், பாட்டிலில் உள்ள விலையைப் படம் எடுத்துக்கொண்டு யு.பி.ஐ. வழியாகப் பணம் கொடுத்தால், கொடுத்த தொகைக்கு அதுவே பதிவாகிவிடும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணைக்கொண்டே, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகளில் யு.பி.ஐ. பயன்படுத்த 2023இல் வழி செய்திருக்கிறார்கள். வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்பதை மட்டும் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.